குழாய் சார் கணக்கில் சேராத குழாய்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை குழாய் சார் திறந்து பார்க்காத தெருக்குழாய் கிடையாது. அவர் பிளம்பர் அல்ல, பொருளாதார ஆராய்ச்சியாளர். பொத்தேரியில் நானும் அவரும் ஒரே மாடியில் குடியிருந்தோம். பெண்கள் ஊராட்சித் தலைவரானால் ஏழைகள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டார். திருகிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் கைகழுவும் இடத்துக்குப் போவார். மாப்பிள்ளையைப் பிறகுதான் பார்ப்பார்.

"கொழாயத் தவிர நான் எதையும் தெறக்கக் கூடாது மச்சான், வாயக்கூட. மூக்க நொழைச்சா ஆராய்ச்சி கெட்டுடும்" என்பார்.

அவரைக் கவிழ்த்தது ஒரு சொல். 'உங்கள் தலைவர் எப்படி?' என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதியிருந்தார். கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் ஓர் அம்மாள், "அவருக்கு இன்னா கொறச்சலு? மீசைக்கு டை அடிச்சிகினு ஜோரா கீறாரு" என்றார். சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊர்த் தலைவர் ஒரு பெண். ஊருக்குத் தலைவர் என்றால் அவருடைய புருஷன். பதவியில் இருக்கிறவர் வெறும் 'தலைவரம்மா'. அதுவரை சார் எழுதியதெல்லாம் புருஷன்மார் புராணம்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை நானும் துணைக்குச் சேர்ந்துகொள்ள, அதே ஊரில் தலைவரம்மா வீட்டுக்கே போனோம். எல்லாக் கேள்விக்கும் புருஷனே பதில் சொன்னார்.

"அண்ணாத்த, தெருக்கோடிக் கொழாய்ல தண்ணி வருதான்னு கொஞ்சம் நின்னு பாருங்களேன்" என்று சார் அவரை அனுப்பிவைத்தார்.

அவர் தலை மறைந்ததும் தலைவரம்மா சொன்னார்: "புதுப் பைப்பு காலனிக்குத்தான் போவணும் சார். அங்க பொம்பளைங்க மெயின் ரோட்டத் தாண்டித் தண்ணி கொண்டாராங்க. இவரு சிநேகிதக்காரன் தெருவுக்கு இழுக்கறாரு. கிராமசபைல சொல்லலாம்னு கீறேன். எங்க பேச வுடறாரு?"

கிராமசபையில் அதிகாரி, "பைப்பு எந்தப் பக்கம்னு தலைவர் சொல்லட்டும்" என்றார். புருஷன் எழுந்து தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த குழாய் சாரும் எழுந்துவிட்டார்.

"சார், தலைவர் நாற்காலில உக்காந்துகினு கீறாங்க. நிக்கிறவரு அவங்க வூட்டுக்காரரு."

கூட்டம் சிரித்தது. புருஷன் உட்கார்ந்தார். தலைவரம்மா எழுந்து, "காலனிக்கு" என்றார்.

வெளியே வந்ததும் சார், "போச்சு மச்சான்" என்றார். தானே தலையிட்ட ஊரை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. இருந்ததிலேயே நல்ல ஊர் அதுதான். தன் கையாலேயே அதன் பெயரை அடித்துவிட்டு, சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

இப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை. மாமல்லபுரம் பக்கம் போனால் அந்தக் காலனிக் குழாயைத் திருகிப் பார்க்காமல் நான் வருவதில்லை. அவர் போனில் கேட்பதற்கு முன்பே, "வருது மச்சான்" என்று சொல்லிவிட வேண்டும் எனக்கு.