தூக்க நேரத்தில் கூடிய ஆலோசனைக் குழு

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

தங்கை வெர்னா எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டில் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆறு பிள்ளைகளும் நலம். மூக்கொழுகல் மட்டும் முறைவைத்துச் சுற்றிவருகிறது. அத்தான் பனியில் வழுக்கி விழாமல் இருக்க வேண்டுகிறேன்.

சின்னப் பிள்ளைகள் கல்விக்கென்று மாநிலத்தில் ஓர் ஆலோசனைக் குழு உண்டே, அதில் வீட்டிலேயே பிள்ளை பார்க்கிறவர்களுக்கு இருக்கும் ஒரே உறுப்பினர் நாற்காலியில் என்னைப் போட்டார்கள் என்று கிறிஸ்துமஸுக்குச் சொன்னேன் அல்லவா? மற்ற நாற்காலிகளில் பேராசிரியர், பாங்குக்காரர், அதிகாரிகள். கூட்டமோ செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எண்பது மைல் தள்ளித் தலைநகரில். ஆறு பேரை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை. மூன்றாவதும் வராவிட்டால் என் நாற்காலி ஒரு காப்பீட்டுக்காரருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது. நல்ல மனிதர்தான், அவருடைய நாய் எங்கள் பக்கத்து வீட்டு லாய்டின் வாத்தைக் கவ்விக்கொண்டு போனது, அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். ஆனால் டயபர் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்காக அவர் என்ன பேசுவார்?

தாய்மாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி ஆறு பேரையும் வேனில் ஏற்றினேன். பாதி வழியில், ஆறு பேரில் குறும்புக்காரனான சோரன் தன் ஒரு பூட்ஸை வெளியே எறிந்ததால் திரும்பிப் போய்ப் பனியில் தேடி எடுத்தேன். கூட்ட மண்டப வாசலில் குழுத் தலைவர் ஹாக்கன்சன் மறித்தார்.

“வெர்னா, இங்க குழந்தைங்களை விடுறதில்லைங்களே.”

“இது அவங்க வீட்டு விசேஷங்க. அவங்களையே வாசல்ல நிக்க வைக்கிறீங்களே.”

விட்டார். மத்தியானம் ஒரு மணி ஆனதும் பிள்ளைகள் வழக்கம்போலப் பாய் விரித்து மேசைக்கடியில் தூங்கிவிட்டார்கள். அப்புறம் யாரும் குரல் உயர்த்த முடியுமா? நாலு மணிவரை இழுக்கிற கூட்டம், மிச்சமெல்லாம் கிசுகிசுத்தே அரை மணியில் முடிந்தது. அத்தோடு நான் விடவில்லை.

“இனிமே கூட்டத்தை எங்க வீட்டுல வைங்க. மத்தியானம் ஒரு மணிக்கு.”

“எம்பது மைலு யாரு போறது” என்று பாங்குக்காரர் ஆரம்பித்தார். குழு மொத்தமும் அவரைப் பார்த்து “உஷ்” என்றது. எதிர்ப்பு எதுவும் காதில் விழவில்லை என்று தலைவர் எழுதிக்கொண்டார். நாற்காலி என்னுடையதேதான், அக்கா. அந்தக் கூட்டத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அத்தானுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் கதகதப்பாக, நீண்டநாள் இருக்கவேண்டும்.

தங்கை,
வெர்னா

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எங்கள் வீட்டுக் கூட்டமும் நடந்துவிட்டது. பதினொரு பேர் வந்தார்கள். உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை வயிறு முட்டப் போட்டுத் திரைச்சீலையை மூடினேன். கால் மணியில் பதினொரு பேரும் தூக்கம், தலைவர் டைனோசர் பாயில். பிள்ளைகள் ஆறு பேரும் முழிப்பு. சோரன் தலைவர் நாற்காலியில் ஏறி, “இன்னொரு பிஸ்கட்டு வேணுங்கிறவங்க கையத் தூக்குங்க” என்றானாம். ஆறு கையும் உயர்ந்ததாம், டப்பா காலி. இதெல்லாம் அவன் என்னை எழுப்பிச் சொன்னதுதான்.