மூன்றாம் மாடிச் செடியை மேய்ந்தவன்

எனக்குத் திருடத் தெரியாது என்பதை நான் திருடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திருடியது பணமும் இல்லை, நகையும் இல்லை. இலை. மாடி வீட்டு ஆன்ட்டியின் பூந்தொட்டியிலிருந்து, காலை ஐந்தே முக்காலுக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒன்பது நாள் தொடர்ந்து திருடினேன்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. யமுனைக் கரையோர மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குப் புதிதாக யாராவது குடிவந்தால், தண்ணீர் எப்போது வரும், குப்பைக்காரர் எப்போது வருவார் என்று சொல்லிவிட்டு, மூன்றாவதாக என் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆளாளுக்கு இலைக் கணக்கை ஏற்றிக்கொண்டே போவதால், நானே ஒருமுறை உள்ளபடி எழுதிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. இடது சிறுநீரகத்தில் ஐந்து மில்லிமீட்டரில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா பதறவில்லை. நிறையத் தண்ணீர் குடியுங்கள், இந்த மாத்திரையைப் போடுங்கள், இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே போய்விடும், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார். பி.பி. மாத்திரை தவிர வேறு மருந்து, கஷாயம், பொடி ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. ஏதாவது ஆரம்பிப்பதானால் முதலில் எனக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள் என்றார். தலையை ஆட்டினேன்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆர்வக்கோளாறில், கல் தானாகப் போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குழாய் விட்டு எடுப்போம் என்றார். எந்த வழியாக என்றேன். அவர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். (கேட்டிருக்கவே கூடாது.) அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, மூன்று வாரம் காத்திருக்கும் மனிதனாக நான் இல்லை.

மறுநாள் ஆபீஸில் விஷயம் பரவியது. நம் நாட்டில் சிறுநீரகக் கல் என்று சொல்லிவிட்டால் போதும், காதில் விழுந்த அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். ஒருவர் கொள்ளுத் தண்ணீர் என்றார், ஒருவர் பீர் என்றார். பக்கத்து மேஜை சதீஷ்ஜிதான் குரலைத் தாழ்த்தி 'பத்தர்சட்டா' என்றார். கல்லைக் கரைக்கும் இலையாம். வெறும் வயிற்றில் தினம் இரண்டு. அவருடைய மச்சானின் கல் பன்னிரண்டு நாளில் மாயமாகிவிட்டதாம். ஃபோனில் படமும் காட்டினார். தடித்த இலை, ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டு.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சுகந்தி மதுரைக்காரி, வங்கியில் அதிகாரி, எதையும் கையெழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள்.

"ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாழைத்தண்டு கெடைச்சா வாங்கிட்டு வாங்க, பொரியல் பண்றேன். இந்த இலை கிலையெல்லாம் டாக்டரக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

கேட்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போகும் வழியில், மூன்றாம் மாடியில் வீணா ஆன்ட்டியின் வாசலில் ஒரு தொட்டியைப் பார்த்தேன். தடித்த இலை, ஓரமெல்லாம் வெட்டு. சதீஷ்ஜியின் படத்தில் இருந்ததேதான். (ஆறு அங்குலத் திரையில் பார்த்தால் உலகத்தில் பாதிச் செடிகள் அப்படித்தான் இருக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது.)

கதவைத் தட்டி இரண்டு இலை கேட்டிருக்கலாமே என்பீர்கள். முடியாது. நான் அப்போது சொசைட்டியின் பாதுகாப்புக் கமிட்டி கன்வீனர். படிக்கட்டில் பூந்தொட்டி வைப்பது விதிமீறல் என்று நானே கையெழுத்துப் போட்டு வீணா ஆன்ட்டிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இந்தி சொல்லிக்கொடுத்து ரிடையரான ஆன்ட்டி அதைப் படித்து, இரண்டு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மடித்துத் தொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார், தண்ணீர் கசியாமல் இருக்க. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

அதே படிக்கட்டில் கேமரா இருக்கிறதே என்றும் கேட்பீர்கள். சொசைட்டிக்கே கேமரா போட வைத்தவன் நான்தான். மூன்றாம் மாடி கேமரா வேலை செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும், ரிப்பேருக்குக் கடிதம் எழுதியவனே நான். ரிப்பேர் செய்து முடித்துவிட்டார்கள் என்பதுதான் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை முதல் மேய்ச்சல். இலையை லுங்கியில் நன்றாகத் துடைத்தேன். (ஒன்பது நாளில் நான் எடுத்துக்கொண்ட ஒரே பாதுகாப்பு நடவடிக்கை அதுதான்.) லேசாகப் புளிக்கும் என்று சதீஷ்ஜி சொல்லியிருந்தார். இது கசந்தது. யமுனைத் தண்ணீர் ஊற்றினால் கசக்காமல் என்ன செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் வயிற்றைப் புரட்டியது. கல் கரையத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்து, மறுநாளிலிருந்து இரண்டு இலையை நான்காக்கினேன். அப்புறம் மாடி ஏறும்போது நெஞ்சு படபடத்தது. திருட்டுப் பயம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் சொசைட்டியின் வாட்ஸப் குரூப்பில் வீணா ஆன்ட்டி ஒரு புகைப்படம் போட்டார். தொட்டியில் நான்கு குச்சிகள் நின்றன. கீழே ஒரு பத்தி சுத்தமான இந்தி. சாரம் இதுதான்: தோட்டக்கார ராம்விலாஸ் என் செடியைக் கிள்ளி நர்சரியில் விற்கிறான், நாளைக் கூட்டத்தில் அவனை நிறுத்தியாக வேண்டும். செக்ரட்டரி கர்னல் சாப் உடனே பதில் போட்டார், கன்வீனர் கேமரா பதிவோடு வர வேண்டுமென்று.

சாயங்காலம் வாட்ச்மேன் அறைக் கம்ப்யூட்டரைத் திறந்தேன், என் பத்து வயது மகள் நிலா கூடவே வந்தாள். மூன்றாம் மாடி பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தெளிவான கேமராவில் நான் என்னை முதன்முறையாகப் பார்த்தேன். ஒருவன் லுங்கியோடு வருகிறான். கதவில் காது வைத்துக் கேட்கிறான். இலையைக் கிள்ளி, துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு அசை போடுகிறான். ஐந்தாம் நாள் செடியைக் கும்பிட வேறு செய்கிறான்.

"அப்பா, யே தோ ஆப் ஹோ, இது நீங்கதானே" என்றாள் நிலா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பத்தா ஏன் சாப்டறீங்க? வீட்ல தோசை இருக்கே" என்றாள். இலை அவளுக்கு 'பத்தா'.

அவளை வாசலில் விளையாடச் சொல்லிவிட்டு, டெலீட் எங்கே இருக்கிறது என்று இருபது நிமிஷம் தேடினேன். இதை எழுத இன்றும் கூசுகிறது. ராம்விலாஸ் பதினோரு வருஷமாக எங்கள் சொசைட்டிக்கு வருகிறவர். ஐம்பது வயது தாண்டிய மனிதர். திருடன் என்ற பெயரோடு இங்கிருந்து அனுப்பினால் பக்கத்து சொசைட்டி கேட்டில்கூட விடமாட்டார்கள். அது நன்றாகத் தெரிந்தும் தேடினேன். கேமரா இன்னும் ரிப்பேரில் இருக்கிறது, இதோ என் கடிதம் என்று சொல்லும் வசனத்தையும் தயார் செய்தேன். அப்போது நிலா எட்டிப் பார்த்து, "கல் ராம்விலாஸ் அங்கிளத் திட்டுவாங்களா?" என்று கேட்டாள். நாளைக்கு என்பதை அவள் எப்போதும் 'கல்' என்றுதான் சொல்வாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரிக்காமல் கேட்டது பெரிய விஷயம். "நாளைக்கு எந்திரிச்சு நீங்களே சொல்லிருங்க. நான் வர்றேன், ஆனா முன்வரிசையில உக்கார மாட்டேன். திங்கக்கெழம டாக்டர்ட்ட போறோம்" என்றாள்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம். ராம்விலாஸ் கதவோரம் தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வீணா ஆன்ட்டி வகுப்பெடுப்பது போலக் குற்றச்சாட்டை விளக்கினார். நான் தொடவில்லை என்பதற்கு மேல் ராம்விலாஸுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கர்னல் சாப் என் பக்கம் திரும்பினார். எழுந்தேன்.

"இலையைப் பறித்தது நான்தான்" என்றேன். "பறித்துத் தின்றுவிட்டேன்."

கல், பத்தர்சட்டா, வெறும் வயிறு, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வீணா ஆன்ட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அது பத்தர்சட்டா இல்லை, பூவுக்காக நர்சரியில் வாங்கிய அலங்காரச் செடி, நாய்கூட வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி விற்றார்கள் என்றார். ராம்விலாஸின் முகம் என் முகத்தைவிட வெளுத்துவிட்டது. "சாப், வியாழக்கிழமைதோறும் அதுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறேனே" என்றார். நான் இரண்டு வெள்ளிக்கிழமைகள் சாப்பிட்டிருந்தேன்.

உடனே அறை முழுவதும் மறுபடி டாக்டர்கள். உப்புத் தண்ணீர் கொடு, நெய் கொடு, தயிர் கொடு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். வீணா ஆன்ட்டி கையை உயர்த்தினார்.

"யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. எல்லார் பேச்சையும் கேட்டுத்தான் இந்த ஆள் இப்படி நிற்கிறார்."

மூன்று மாதமாக என்னோடு பேசாத ஆன்ட்டி, தன் பழைய காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். சுகந்தி முன்சீட்டில். பின்சீட்டில் நான், என் மடியில் ஆதாரமாக அந்தத் தொட்டி, பக்கத்தில் மருந்து பாட்டிலோடு ராம்விலாஸ். எமர்ஜென்சி வாசலில் நர்ஸ் எங்களை நிறுத்தி, நோயாளிக்குப் பூச்செடியெல்லாம் பார்வை நேரத்தில்தான் கொடுக்கலாம் என்றார். நான்தான் நோயாளி, இதுதான் சாப்பாடு என்று விளக்க வேண்டியிருந்தது.

ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நடந்தன. அந்தக் குடும்பத்துச் செடிகள் சில இதயத் துடிப்பையே பாதிக்கும், தொட்டியையும் பாட்டிலையும் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார் ட்யூட்டி டாக்டர். எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் வரை படுக்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். ஸ்கேனில் கல் அதே ஐந்து மில்லிமீட்டரில், அதே இடத்தில் சௌக்கியமாக இருந்தது. இருபத்தெட்டு இலையைப் பற்றி அதற்கு ஒரு தகவலும் போய்ச் சேரவில்லை.

படுத்திருந்தபோது ராம்விலாஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுகந்தியும் ஆன்ட்டியும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். உங்களைத் திருடன் என்று சொல்லும்போது ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சாப், ஸ்வாத் கைஸா தா?"

ருசி எப்படி இருந்ததாம். மகா கசப்பு என்றேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்து, இடது பக்கம் கல் குத்தியது. நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினார்.

என் டாக்டரம்மா திட்டவில்லை. நாட்டு மருந்துக்கு நான் எதிரியில்லை என்றார். என்ன செடி, எவ்வளவு, யார் தயாரித்தது, கூட என்ன மாத்திரை போடுகிறீர்கள், உங்கள் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது, இதெல்லாம் தெரியாமல் வாயில் போட்டால் அது மருந்தில்லை என்றார். அசல் பத்தர்சட்டாவாக இருந்தாலும் இஷ்டத்துக்கு மெல்லக் கூடாதாம். வாழைத்தண்டுப் பொரியலுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. தண்ணீரும் மாத்திரையுமாக இன்னும் இரண்டு வாரம் போனதில், ஒரு காலை கல் தானாகவே வெளியேறியது. நான் கன்வீனர் பதவியிலிருந்து வெளியேறினேன். தொட்டி படிக்கட்டிலேயே இருக்கிறது.

வீட்டில் எனக்கு இனி விமோசனம் கிடையாது. சுகந்தி புதிதாக எது சமைத்தாலும், நான் முதல் வாய் வைத்தவுடன் நிலா ராம்விலாஸின் குரலில் "சாப், ஸ்வாத் கைஸா தா?" என்பாள். மதுரையிலிருந்து வரும் என் மாமனார், இந்தியில் ஒரு வார்த்தை தெரியாதவர், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சுத்தமாகச் சொல்கிறார்.

போன குளிர்காலத்தில் ராம்விலாஸின் மகளுக்குக் கல்யாணம். சொசைட்டியில் பாதிப் பேர் ஷாமியானாப் பந்தலில் தட்டோடு நின்றோம். ரோஜா நிறத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, விருந்தாளிகளை விசாரித்தபடி வந்த பெண்ணின் தகப்பனார் நேரே என்னிடம் வந்தார். என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கூப்பினார்.

"சாப், ஸ்வாத் கைஸா ஹை?"

இப்போது ருசி எப்படி இருக்கிறதாம். வீணா ஆன்ட்டிதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு கர்னல் சாப், பிறகு பந்தல் முழுக்க. ராம்விலாஸ் மட்டும் சிரிக்காமல், கூப்பிய கையை இறக்காமல், நான் பதில் சொல்லும்வரை நின்றார். பிரமாதம் என்று சொல்லி, அவர் கையாலேயே இன்னும் இரண்டு பூரி வாங்கிக்கொண்டேன்.