தொப்பியைக் கழற்றினேன், ஊர் அழுதது

பொலிஸ் ஜீப் ஒன்று வாசல் படலையில் வந்து நின்றால், வன்னியில் எந்த வீட்டிலும் முதலில் "வாங்கோ" என்று சொல்லமாட்டார்கள். வீட்டு ஆட்களில் யார் யார் வெளியே போயிருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணி முடியும்வரை யாருக்கும் மூச்சு வராது. நானும் பூவரசங்குளத்தில் வளர்ந்தவள்தான். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் காக்கிச் சட்டை போட்ட முதல் வருசம் இது எனக்கு அடியோடு மறந்துபோயிற்று.

அப்போது துணுக்காய்ப் பக்கம் ரோந்து வேலையில் இருந்தேன். ரோந்து என்றதும் கள்ளரைத் துரத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வயலுக்குள் இறங்கிய மாட்டுக்காக இரண்டு வீட்டார் சண்டை பிடித்தால் நடுவில் நிற்பேன். எல்லை வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று முறைப்பாடு வந்தால் போய்ப் பார்ப்பேன். யானை வந்தால் ஜீப்பை விட்டு இறங்கமாட்டேன். (இதில் மட்டும் நான் என்றுமே தவறியதில்லை.) கூட இருந்தவர் சார்ஜன்ட் பண்டார. குருநாகல்காரர், சிங்களவர், தங்கமான மனிதர். தமிழில் ஏதோ சில சொற்கள்தான் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் அவருடைய வாய்.

ஒரு நாள் பின்னேரம் வயர்லஸில் செய்தி வந்தது. குளத்தடிக் கிராமத்துப் பொடியன் ரூபன், வவுனியா போகும் வழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டான். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போன் நொறுங்கிவிட்டது. தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுதான் வேலை. ஆனால் நான் பயிற்சியில் கெட்டிக்காரி. துயரச் செய்தி சொல்லும் முறை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொப்பியைக் கழற்ற வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும். கேட்பவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மனதைத் திடப்படுத்திய பிறகுதான் செய்தியைச் சொல்ல வேண்டும். கால் முறிவும் துயரச் செய்திதானே என்று ஜீப்பில் வரும்போதே எல்லாவற்றையும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ரூபனின் தாயை ஊரில் ராணியக்கா என்பார்கள். முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவிட்டுக்கொண்டு நின்றார்.

"ரூபன் உங்கட மகனோ அம்மா?"

"ஓம். என்ன பிள்ளை?"

தொப்பியைக் கழற்றினேன். அவருடைய முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல இந்தக் கதிரையில இருங்கோ அம்மா."

"என்னெண்டு சொல்லு பிள்ளை!"

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களோ?" (அவருடைய வீட்டில், அவருடைய குடத்துத் தண்ணீரை!) "மனசைத் தைரியமா வச்சிருங்கோ..."

அதற்கு மேல் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "ஐயோ என்ர ராசா" என்று அவர் நெல்லின் மேல் விழுந்தார். தாய் அழுவதைக் கண்ட சார்ஜன்ட் பதறிப்போய் ஜீப்பால் இறங்கி, தானும் தொப்பியைக் கழற்றிக் கைகட்டி நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்:

"மிச்சம் கவலை, அம்மா. மிச்சம் கவலை."

மிகவும் கவலை என்கிறாராம். கால் முறிந்ததற்குத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு சத்தியம் பண்ணினார்.

அயலெல்லாம் ஓடி வந்தது. ஒருவர் சைக்கிளில் கோயிலுக்குப் பறந்தார். சற்று நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. ரூபனின் பெயரைச் சொல்லி, அகால மரணம் என்று அறிவித்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்:

"சாகேல்ல! கால்தான் முறிஞ்சது!"

பக்கத்து வீட்டுப் பெண் என் தோளில் கை வைத்தார். "முதல்ல கால் எண்டுதான் சொல்லுவினம் பிள்ளை. எங்களுக்குத் தெரியாதே?"

ராணியக்காவின் கையைப் பிடித்து, "ஜீப்பில ஏறுங்கோ அம்மா, இப்பவே மகனைக் காட்டுறம்" என்றேன். அழுகை சட்டென்று நின்றது.

"இவரையும் இப்பிடித்தான் ஏத்திக்கொண்டு போனவை," என்றார். "விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. நான் ஏறமாட்டன்."

இவர் என்றது புருசனை. எந்த வாகனம், என்ன உடுப்பு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன் எடுத்துக் கொடுக்கலாம் என்றால் அந்த ஊரில் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல். நடந்தோம். முன்னே போனை உயர்த்திப் பிடித்தபடி நான். பின்னே இரண்டு பெண்கள் தாங்கிவர ராணியக்கா. அவருக்குப் பின்னால் ஊர். எதிரே வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகத் தலைகுனிந்து நின்றார்கள். பிரேதம் ஒன்றுதான் குறை.

ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். வார்டுக்குக் கொடுத்தார்கள். "பார்த்துச் சொல்லுறன், நில்லுங்கோ" என்று தாதி போய்விட்டார். நின்றேன். இதற்குள் அவனுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அலோ... ஆர் கதைக்கிறது?"

பொடியனின் குரல். ஸ்பீக்கரைப் போட்டுத் தாயிடம் நீட்டினேன்.

"தம்பி?"

"அம்மா, மோட்டச் சைக்கிளை ஆர் எடுத்து வச்சிருக்கினம் எண்டு பொலிஸிட்டக் கேளுங்கோ!"

ராணியக்கா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கொஞ்ச நேரம் போனை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். பிறகு, "நாசமாப் போவானே, மெல்லமா ஓடு எண்டு எத்தின தரம் சொன்னனான்!" என்று தொடங்கினார் பாருங்கள், அதுதான் அன்றைக்கு எல்லாரும் ஆசையோடு கேட்ட ஏச்சு. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

ஏசி முடிந்ததும் என்னைப் பார்த்தார். ஓர் அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"'ஆள் இருக்கு' எண்டு படலையிலயே கத்தியிருக்கலாமே பிள்ளை! தொப்பியைப் பிறகு ஆறுதலாக் கழட்டியிருக்கலாமே!"

அதன்பிறகு அவர் ஜீப்பில் ஏறினார். அயல் பெண்களும் கூட ஏற வேண்டும், பின்கதவைச் சாத்தக் கூடாது என்றார். ஆஸ்பத்திரிவரை அந்தக் கதவை நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். சார்ஜன்ட் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். ரூபனின் கட்டுப்போட்ட காலுக்கு வெளியே தெரிந்த விரல்களை ராணியக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்றைக்கும் எந்த வீட்டுக்குச் செய்தி கொண்டு போனாலும் ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு, படலைக்கு வரும் முன்பே "ஆள் இருக்கு!" என்று கத்துவேன். அப்படிக் கத்த முடியாத நாட்களும் வந்திருக்கின்றன. அப்படியான நாளில் தொப்பியைக் கழற்றியதும் வீட்டாருக்கு விளங்கிவிடும்.

என் வீட்டிலோ இது பெரிய பகிடி. மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம், வீட்டுப் பேச்சு வேறு என்றாலும் இந்தச் சொல்லை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். தம்பி போன் எடுத்தால் அலோ சொல்வதில்லை. "ஆள் இருக்கு" என்பான். எனக்கு மகள் பிறந்த அன்று பிரசவ அறைக் கதவைத் திறந்த தாதி, முகக்கவசத்தைக் கழற்றக் கை வைத்தாராம். அவ்வளவுதான், என் அம்மா எழும்பி நின்று அலறியிருக்கிறார்:

"அதைக் கழட்டாதீங்க! ரெண்டு ஆளும் இருக்காங்களா, அத மொதல்ல சொல்லுங்க!"