குதிரை நிலையில் பன்னிரண்டு பேர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டியது, எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறை கராத்தே கூடமாக மாறிய நாள். அதுவரை நாங்கள் வெறும் குமாஸ்தாக்கள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து, பக்கத்து டப்பாவை எட்டிப் பார்த்து, அற்ப சுகத்தில் காலம் கழித்தவர்கள். மேனேஜர்தான் மேசை நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டு, பாய் விரித்து, கதவில் ‘பாரம்பரிய வீரக்கலைப் பயிற்சி மையம்’ என்று பலகை மாட்டினார். வீரர்களான நாங்கள் அன்றுமுதல் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மேல்படிக்காரர் சிந்துவது கீழ்ப்படிக்காரர் தலையில் விழும். அதைக் கையால் தடுப்பதும் பயிற்சியில் சேர்த்தி என்றார் மாஸ்டர்.

மாஸ்டர், மேனேஜரின் மைத்துனர். தேர்வில் பாரபட்சம் எதுவும் இல்லை. மேனேஜருக்கு இருந்ததே ஒரு மைத்துனர்தான்.

வகுப்பு வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும். நடுவில் நேரம் மிஞ்சினால் கராத்தே. என்ன கேட்டாலும் ‘ஓஸ்!’ என்று கத்த வேண்டும். ‘சரி’, ‘புரிந்தது’, ‘பொறுத்துக்கொள்கிறேன்’ மூன்றுக்கும் அது ஒன்றே சொல். இந்தச் சொல்லின் அருமை மேனேஜருக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேலைக்கு வந்துடுவீங்கல்ல?”

“ஓஸ்!”

ஓசியில் ஒரு நாள் வேலை முடிந்தது.

முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பது எங்கள் மூலக் கொள்கை. ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஸ்டோர்கீப்பரும் கணக்காளரும் மோதினார்கள். அதாவது, எதிரெதிரே நின்றார்கள்.

“நீங்க அடிங்க சார்,” என்றார் ஸ்டோர்கீப்பர்.

“சேச்சே, நீங்க சீனியர். நீங்களே ஆரம்பிங்க.”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

நாற்பது நிமிடம் ஓடியது. கணக்காளர் கொட்டாவி விட்டார். அது ஸ்டோர்கீப்பருக்கும் தொற்றியது. இருவருக்கும் கோப்பை கொடுத்து, “இதுதான்யா கராத்தே!” என்று மாஸ்டர் கண் கலங்கினார். நானும் கலங்கினேன். எனக்கு அகோரப் பசி.

இந்த மகத்துவத்துக்கு வெளியே நின்ற ஒரே ஜீவன் தபால் அக்கா. வருகிற கடிதங்களுக்கு முத்திரை குத்தி மேசை மேசையாகக் கொடுப்பவர். பதினொரு வருடத் தற்காலிக ஊழியர். இன்னும் இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரம் ஆக வேண்டியவர். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். முழங்கால் வலியால் பயிற்சிக்கு வரவில்லை. அதே முழங்கால் படியில் உட்காரவும் விடாததால் நின்றபடியே சாப்பிடுவார்.

அவரைத் தூண்டிவிட்டது நாங்கள்தான். ஆரம்பித்தது நான்.

“அக்கா, சாப்பாட்டு ரூமைத் திருப்பிக் குடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க பன்னெண்டு பேரும் உங்க பின்னால நிப்போம்.”

“கடைசியில கழண்டுக்க மாட்டீங்களே?”

“ஓஸ்!”

கேட்டார். வகுப்பு நடக்கும்போதே உள்ளே வந்து, பளபளவென்று வெள்ளை உடையில் நின்ற மேனேஜரிடம் நேராகக் கேட்டார்.

“சார், உக்காந்து சாப்பிட ஒரு இடம் வேணும். எனக்கு மட்டும் இல்ல, இவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் கேக்குறேன்.”

நாங்கள் வாக்குத் தவறவில்லை. பன்னிரண்டு பேரும் அக்காவுக்குப் பின்னால்தான் நின்றோம். காலை அகட்டி, முட்டியை மடக்கி, முஷ்டியை இடுப்பில் வைத்து, குதிரை நிலையில். யாராவது அசைந்தால் முதல் அடி எங்களுடையதாகிவிடும் அல்லவா?

மேனேஜர் அக்காவின் தலைக்கு மேலாக எங்களைப் பார்த்தார். “படியில சாப்பிடுறது எல்லாருக்கும் வசதியாத்தானே இருக்கு?”

“ஓஸ்!”

பன்னிரண்டு வாய், ஒரே குரல். அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் அதற்குமுன் கத்தியதே இல்லை. அக்கா திரும்பிப் பார்த்தார். பார்வையை எதிரே சுவரில் பதிக்க வேண்டும் என்பது விதி. பதித்தோம்.

மறுநாள் காலைத் தபாலில் ‘தங்கள் சேவை இனித் தேவைப்படாது’ என்று ஒரு கடிதம் வந்தது. அக்காவே பிரித்தார், அக்காவே முத்திரை குத்தினார், பெறுநரும் அவரே என்பதால் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மாடிப்படியில் எங்கள் அவசரக் கூட்டம் கூடியது.

“அடி நம்ம மேல விழலையே,” என்றார் கணக்காளர். “விழுந்திருந்தா தடுத்திருப்போம்.”

“தடுத்தே இருப்போம்,” என்றார் ஸ்டோர்கீப்பர், தலையில் விழுந்த பருக்கையைத் தட்டிவிட்டபடி.

கண்ணெதிரே அவ்வளவு பெரிய அடி விழுந்தும் ஒரு மயிரிழைகூட அசையாத எங்கள் மன உறுதியைப் பாராட்டி, அன்று மாலையே பன்னிரண்டு பேருக்கும் கருப்பு பெல்ட் வழங்கப்பட்டது. மேனேஜர் தன் கையாலேயே கட்டிவிட்டார். போட்டோவும் எடுத்தார்கள்.

பெல்ட்டோடு என் மேசைக்கு வந்தபோது அக்கா காத்திருந்தார். தபால் முத்திரைக்கு இனி நான் பொறுப்பேற்க வேண்டுமாம். கையில் கொடுத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தால் ‘ஓஸ்’ வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அக்காதான் பேசினார். “தம்பி, இந்த பெல்ட்டை எதுக்குக் கட்டுறாங்க?”

“முதுகு வளையாம நேரா நிக்கறதுக்குக்கா.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப நீங்க இன்னும் கட்டலையா?”

குனிந்து பார்த்தேன். கட்டித்தான் இருந்தது.