இந்த நாட்டில் மட்டும் தெரியாது

கொள்கை மனிதர் என்றொரு இனம் இருக்கிறது, வாசகரே. கொள்கைக்காகச் சிறைக்குப் போகிறவர், வேலையை உதறுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய இனம், கண்ணில் படுவதே அபூர்வம். நான் சொல்வது கொள்கையை உத்தியோகமாகப் பார்க்கிறவரை. உலகமே படம் போட்டுப் பேசித் தீர்க்கிற ஒரு சமூக ஊடக நிறுவனத்தின் ஏழாவது மாடியில், கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். எந்த அரசாங்கம் ‘இந்தப் பதிவைத் தூக்கு’ என்று கடிதம் போட்டாலும் அவர் மேஜைக்குத்தான் வரும்.

நம்மவரை ஆபீசில் பேலன்ஸ் சார் என்பார்கள். எதைக் கேட்டாலும் “ரெண்டு பக்கமும் பேலன்ஸ் பண்ணிப் போகணும்” என்பார். அதை எப்படிச் செய்வார்? கோடிக்கணக்கில் கைப்பேசி வைத்திருக்கும் நாடா, அதன் போலீஸ் ஒருமுறை கிளை அலுவலகத்துக்குள் பூட்ஸ் காலோடு வந்து நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறதா, அப்படியானால் பத்து மணிக்கு வந்த கடிதத்துக்குப் பத்தே காலுக்குப் பதிவைத் தூக்கிவிட்டு, கால் மணி தாமதத்துக்கு வருத்தமும் தெரிவிப்பார். வரைபடத்தில் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துவிடக்கூடிய தீவு என்றாலோ, “கருத்துச் சுதந்திரம் எங்கள் உயிர்மூச்சு” என்று நாலு பக்கம் பதில் எழுதிக் கடைசிப் பாராவில் விம்முவார். உயிர் ஒன்றுதான். மூச்சுதான் நாட்டுக்கு நாடு வேறு.

இன்னொரு பழக்கம், பதிவை அவர் பார்க்கவே மாட்டார். “பார்த்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்.” எந்த நாடு, எந்தத் துறை, எத்தனை மணிக்குள், இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய சொந்த நாட்டின் சுகாதாரத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. ‘மூன்றாம் வார்டு’ என்ற கணக்கில் வந்த வீடியோ பொது அமைதியைக் குலைக்கிறது, நீக்குக. கணக்குக்காரர் யாரென்றும் தெரிவிக்க. சட்டப் பிரிவு வக்கீலம்மாவுக்கு இரண்டாவது பாதி உறுத்தியது.

“கோர்ட் உத்தரவு இல்லையே சார். ஆள் யாருன்னு சொல்லணும்னு கட்டாயம் எதுவும் இல்லை.”

“கட்டாயம் இல்லம்மா, உறவுன்னு ஒண்ணு இருக்கே. அடுத்த மாசம் நம்ம கம்பெனி அனுமதியைப் புதுப்பிக்க இதே அரசாங்கத்துகிட்டதான போகணும்?”

“வீடியோவையாவது ஒருதரம் பாருங்களேன்.”

“நான் அழிக்கச் சொல்லலையே! இந்த நாட்டுல மட்டும் தெரியாம பண்ணுங்க. வெளிநாட்டுக்காரங்க தாராளமா பார்க்கட்டும். அதான் பேலன்ஸ்.”

கணக்குக்குரிய தொலைபேசி எண் அவர் கையெழுத்தோடு போயிற்று. எண் கண்ணில் பட்டது. ஆனால் இந்தக் காலத்தில் யார் எண் யாருக்கு மனப்பாடம்?

வியாழக்கிழமை மதியம் அவருடைய அக்கா கண்ணாடி அறைக்கே வந்து நின்றாள். அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷ நர்ஸ். தம்பிக்கு டைபாய்டு வந்தபோது பதினேழு நாள் பக்கத்தை விட்டு நகராதவள்.

“ஏன்டா, உங்க கம்பெனில என் நம்பரை எவன்டா எடுத்துக் கொடுத்தது?”

கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். தற்காலிகப் பணிநீக்கம். குழந்தைகள் வார்டின் கூரை பெயர்ந்து தொங்குகிறது; எட்டு மாதம் எழுதியும் பதில் இல்லாமல், முகம் காட்டாமல் அதைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறாள்.

“அது நீயாக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“வீடியோவை அழிக்கலக்கா. இந்த நாட்டுல மட்டும்தான் தெரியாது. வெளிநாட்டுல யார் வேணா பார்க்கலாம்.”

“பிள்ளைங்க படுத்திருக்கிற கட்டில் இந்த நாட்டுலதானடா இருக்கு?”

பேலன்ஸ் சார் வாழ்க்கையில் முதல்முறையாகப் பதிவைத் திறந்து பார்த்தார். நாற்பது நொடி. கட்டில்காலடியில் காரைக்கட்டி ஒன்று தொப்பென்று விழுகிறது. விளையாட்டென்று நினைத்து ஒரு குழந்தை சிரிக்கிறது. மறுபடி பார்த்தார். எழுந்தே விட்டார். இனி என்ன, வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லி முழங்கப்போகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? எழுந்தவர் அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“மேல்முறையீடு பண்ணுக்கா.”

“இது யாருகிட்ட போகும்?”

“என்கிட்டதான்.”

அக்கா தன் காகிதத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளே மற்ற நர்ஸுகள் அக்கா கைப்பேசியிலிருந்த வீடியோவின் காட்சிகளைக் காகிதத்தில் அச்சடித்து ஆஸ்பத்திரி வெளிச்சுவர் முழுக்க ஒட்டினார்கள். பெற்றவர்கள் கூடிக் கத்தினார்கள். மாலைக்குள் குழந்தைகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் கூரை மொத்தமாக இறங்கியது, காலிக் கட்டில்கள் மேல். உடனே துறையிடமிருந்து இன்னொரு கடிதம்: ‘முன்னெச்சரிக்கையோடு நாங்கள் குழந்தைகளைக் காப்பாற்றிய படம் இணைப்பில். எல்லோருக்கும் தெரியும்படி செய்க.’ பேலன்ஸ் சார் பத்தே நிமிஷத்தில் செய்தார். அக்கா மேல் விசாரணை இன்னும் நடக்கிறது. இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

“என்னங்க ஆச்சு அண்ணிக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“துறை கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு. அக்காவும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டா.”

சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் ஆபீசுக்குச் சரியான நேரத்துக்குப் போனார்.

சிரித்தது போதும், வாசகரே. உங்கள் குடும்ப வாட்சப் குழுவுக்கு நீங்கள்தானே அட்மின்? போன வாரம் பெரிய மாப்பிள்ளை முகம் சுளித்தார் என்றதும் சின்ன நாத்தனார் போட்டிருந்ததை நீக்கினீர்களே, அதில் அவள் என்ன எழுதியிருந்தாள்?