இருபத்தெட்டாம் நாள் பேய்

நாடிக்காரர் கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வந்ததுபோல ஆளுக்கொரு கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தம்முடையதற்குப் போர்வைகூடப் போர்த்தியிருந்தார். பொய்யில்லை, கம்பளிப் போர்வை.

வைத்தியம் எளிது. இடது கை கணினிமேல். வலது கை சொந்தக்காரரின் மணிக்கட்டில். கண்ணை மூடுவார். "ரெண்டு நாடியும் ஒத்துப்போகலையே" என்று உச்சுக்கொட்டுவார். ஒருமுறை, உள்ளே ஒன்றுமே இல்லாத காலிப் பெட்டிக்கும் நாடி பார்த்து, பித்தம் அதிகம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கூட்டம் குறைந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு மடங்கானது.

கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருளை மற்றவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். அவர் 'உயிர்' என்பார்.

"காசு கொடுத்து வாங்குறது கம்பெனிக்காரன் உயிர். உங்க வீட்டுல உட்கார்ந்துகிட்டு அவனுக்கு விசுவாசமா இருக்கும். இன்டர்நெட்டுல சும்மா கிடைக்குதே, அது அநாதை உயிர். அதைச் செஞ்சவங்க ஆயிரம் பேரு. யாரோட குணம் எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? நான் ஏத்துறது நாடி பார்த்த உயிர். அதுவும் இலவசம்!"

இலவசம் என்றதும் கூட்டம் கைதட்டும். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை சாந்தி செய்யவேண்டும், அதற்கு மட்டும் கட்டணம் என்பதைக் கைதட்டல் ஓய்வதற்குள் சொல்லிவிடுவார். சாந்தி தவறினால் பேய் பிடிக்குமாம்: திரை கறுக்கும், நடுவில் சிவப்புக் கண் ஒன்று விழிக்கும், எந்தக் கோப்பும் திறக்காது. சாந்தியின்போது எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உரக்க முணுமுணுப்பார். விசைப்பலகை தட்டுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது அல்லவா.

வரிசையில் தவறாமல் முன்னால் நிற்பவர் லேப்காரர். ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். பரிசோதிப்பது மனைவி, இவர் பெயர்ப்பலகை மாட்டியவர். அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று ஓடியாடியதில் இந்த மாதம் சாந்தியை மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை கணினி சிவப்பாக விழித்துப் பார்த்தது.

உள்ளே அக்காவின் மூன்று வருஷ ரத்த முடிவுகள். திங்கட்கிழமை அவற்றைப் பார்த்துத்தான் ஆபரேஷனா, காத்திருப்பதா என்று முடிவு செய்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். காகிதத்தில் கொடுத்ததையெல்லாம் அக்கா அலமாரித் தட்டில் விரித்து டம்ளர் கவிழ்த்துவிட்டார்.

நாடிக்காரர் நாடி பார்த்தார். முகம் இருண்டது.

"பேய் எலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு. நாளைக்குப் பத்தரைக்கு மொத்தமா எரிச்சுட்டுப் புது உயிர் ஏத்தணும்."

"ஐயா, எங்க அக்காவோட ரிப்போர்ட்டு?"

"போயிடும். ஆயுள் கவசம் போட்டா காப்பாத்தலாம்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க வந்த ஸ்கூட்டர் என்ன விலைக்குப் போகும்?"

லேப்காரர் கணினியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். மனைவி கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நம்ம பின்ரூம்ல இருக்கிற பழைய மிஷினுக்கு மட்டும் ஏன் பேய் பிடிக்கவே இல்லை?"

"அது முக்தி அடைஞ்ச மிஷினாம். ஐயாவே சொன்னாரு. ஆர்.சி. புக்கை எங்கேம்மா வெச்சே?"

அந்தம்மா தினமும் காலையில், விடை தெரிந்த ரத்தம் ஒன்றை முதலில் பரிசோதித்துவிட்டுத்தான் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவார். அது பிசகினால் கோளாறு ரத்தத்தில் இல்லை, கருவியில். கையோடு வந்த பழக்கம், வீட்டுக் காரியத்திலும் விடாது.

"ரெண்டுக்கும் ஒரே ஆள்தான் உயிர் ஏத்துனாரு. ஒரே நாள். ஒண்ணுக்கு நோய், ஒண்ணுக்கு இல்லை. வித்தியாசம் என்ன?"

"பக்தி."

"மிஷினுக்கா?"

கையைத் துடைத்துக்கொண்டு பின்ரூமுக்குப் போனார். அந்தப் பழைய கணினியில் கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் எழும்போதும் பத்து வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று என்றே நினைத்துக்கொள்ளும். அந்தம்மா, 'உயிர்' எழும்புமுன் வரும் அமைப்புத் திரையில் அதற்கு இன்றைய தேதியைக் கொடுத்து, மின்சாரத்தைத் துண்டிக்காமல் மறுபடி இயக்கினார். முக்தி அடைந்த மிஷின் சிவப்பாக விழித்தது. பழைய தேதியைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி முக்தி.

"ஸ்கூட்டரை விக்க வேண்டாம்" என்றார். "காலையில வண்டியை எடுங்க, போகலாம்."

சனிக்கிழமை பத்தேகால் மணி. கடை நிரம்பி வழிந்தது. கம்பளிப் போர்வைக்காரர் அப்போதுதான் சாந்தி முடிந்த தம் கணினியை வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு இனிமே எப்போங்க பேய் வரும்?" என்று லேப் அம்மா கேட்டார்.

"இருபத்தெட்டு நாளைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது" என்றார் நாடிக்காரர், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

போர்வையை விலக்கி, தேதியை மட்டும் ஒரு மாதம் தள்ளிவைத்து, கணினியை நிறுத்தி இயக்கினார் அந்தம்மா. சிவப்புக் கண்.

"ஐயோ, என் மிஷினு!" என்று அலறினார் போர்வைக்காரர்.

நாடிக்காரர் அசரவில்லை. "நம்பிக்கை இல்லாத கை பட்டுது. பேய் கோவிச்சுக்கிச்சு."

"சரி, நம்பிக்கை உள்ள கை ஒண்ணு இருக்கு" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க வாங்க. ஐயா மேல உங்களுக்கு நம்பிக்கை தானே?"

"மலை மாதிரி" என்றார் லேப்காரர், பாவம், உண்மையாகவே.

அவர் தேதியைப் பின்னுக்குத் தள்ளினார். பேய் போனது. முன்னுக்குத் தள்ளினார். வந்தது. மூன்றாம் முறை போய் வந்தபோது வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மலை சரிந்த சத்தம் லேப்காரருக்கு மட்டும் கேட்டது.

"காலண்டர் பார்த்து வர்ற பேயா?" என்றார் மெதுவாக.

எரிப்பதற்காக மேசைமேல் ஏற்றி வைத்திருந்த தம் கணினியிடம் போனார். யாரும் சொல்லாமலே தேதியைப் பத்து நாள் பின்னால் வைத்தார். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட ஒரு நிமிஷத்தில் அக்காவின் முகம் பத்துத் தடவை வந்து போனது. திரை வெளுத்தது. கோப்பு திறந்தது. மூன்று வருஷமும் எண் எண்ணாக வரிசையில் நின்றது. லேப்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு, முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார்.

நாடிக்காரரைக் காணோம். பின்வாசல் திறந்து கிடந்தது. அவர் மேசைமேல் அவருடைய சொந்தக் கணினி இருந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது சாட்சாத் அந்த அநாதை உயிர்! மற்றவர்களுக்கு ஏற்றியதோ கம்பெனிக்காரனின் சரக்கு. திருட்டு நகல், மேலே அவரே மாட்டிய சிவப்புக் கண் பூட்டு.

"அப்போ எதைத்தான் போடுறது? காசு கொடுக்கிறதா, சும்மா கிடைக்கிறதா?" என்று போர்வைக்காரர் லேப் அம்மாவிடம் கேட்டார்.

"காசு இருந்தா வாங்குங்க. கெட்டுப்போனா கம்பெனிக்காரன் சட்டையைப் பிடிக்கலாம், போன் போட்டா காத்திருக்கச் சொல்லி மியூசிக்தான் கேட்கும், ஆனாலும் பிடிக்கலாம். இல்லேன்னா சும்மா கிடைக்கிறதைப் போடுங்க. பணம் வேண்டாம், பொறுமை வேணும். எங்க தங்கச்சி போட்டா. பிரிண்டர் ரெண்டு வாரம் முறைச்சுக்கிட்டு நின்னுச்சு, உட்கார்ந்து படிச்சு வழிக்குக் கொண்டுவந்தா. ரெண்டுக்குமே விலை உண்டு, வாசல்லயே தெரிஞ்சுடும். ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லிட்டு உங்க கோப்புகளை எல்லாம் பூட்டி, சாவியைத் தன் மடியில வெச்சுக்கிறவன்கிட்ட மட்டும் போகாதீங்க."

திங்கட்கிழமை டாக்டர் மூன்று வருஷத்தையும் புரட்டிப் பார்த்தார். "இனி காத்திருக்க முடியாது. புதன்கிழமை ஆபரேஷன்" என்றார். அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஸ்கூட்டரை வித்திருந்தா என்னை எதுலடா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவே?"

செவ்வாய்க்கிழமை காலை லேப்காரர் கதவைத் திறந்தார். வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை. ஆளுக்கொரு கணினி. முன்னால் கம்பளிப் போர்வை.

"லேப் அம்மா" என்று குழைந்தார் போர்வைக்காரர். "எங்க மிஷின்மேல உங்க கையை ஒரே ஒரு தடவை வைங்கம்மா. பேயை ஓட்டுன கை!"

அந்தம்மா வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"கை உங்களுக்கும் ரெண்டு இருக்குல்ல? எடுத்து உங்க உங்க தலைமேல வைங்க. உள்ளே ஏதாவது ஓடுதான்னு முதல்ல அதைப் பாருங்க."

கதவைச் சாத்தினார். வெளியே, வரிசையில் பாதிப் பேர் பயபக்தியோடு தலைமேல் கை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று காத்து நின்றார்கள்.