வெளியே போகாத பூதம்

"அடிங்க கண்ணுங்களா. பூதம் வந்திருக்கு, 'பூதம் வெளியே, நல்லது உள்ளே'ன்னு கத்திக்கிட்டே பயறால அடிக்கணும்" என்றான் நவோயா, முகமூடிக்குள்ளிருந்து.

யாரும் அடிக்கவில்லை. பால் அட்டைப்பெட்டியை வெட்டித் தாங்களே செய்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து வயதுக் கூட்டம் அவனையே பார்த்தது. டப்பா நிறையச் செய்தித்தாளைக் கசக்கி உருட்டிய பயறு. நிஜப் பயறு தொண்டையில் சிக்கும் என்று அந்த மழலையர் பள்ளியில் தடை.

நவோயாவுக்கு வேலை இன்னும் தற்காலிகம்தான். நாளைக்குக் குளிர்காலம் முடிகிற விழா; பூத வேஷம் போட்டவரைப் பயறு வீசி விரட்டுவது வழக்கம். பெற்றோர் பார்க்க வருவார்கள். பூதம் ஒழுங்காக அடிவாங்கி ஓடிவிட்டால் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று தலைமை ஆசிரியை ஹிரோசே சொல்லியிருந்தார். ஓட அவன் தயார். விரட்டத்தான் ஆளில்லை.

"பயந்துட்டாங்க சார்" என்றாள் சமையற்கார கசுமி. "அந்தக் கொம்பைப் பாத்தா எனக்கே வயித்தைக் கலக்குது."

சரி என்று பிள்ளைகளையே புது முகமூடி செய்யச் சொன்னான். காகிதத் தட்டில் ரோஸ் வண்ணம், கம்பளி நூலில் சுருட்டை முடி, நீள நீளமாகக் கண் இமை. அதை மாட்டிக்கொண்டு மறுபடி நுழைந்தான். ரிட்சு என்ற பையன் எழுந்து நாற்காலி போட்டான்.

"உக்காருங்க பூதம். பிஸ்கட் சாப்பிடறீங்களா?"

எட்டிப் பார்த்த ஹிரோசே, "பூதம் பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கே, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மூன்றாவது முகமூடி தயாரானது. ரத்தச் சிவப்பு, முழ நீளக் கொம்பு, அட்டைப் பல். இடுப்புக்குப் புலிக்கோடு போட்ட துணி வேறு.

விழா நாளில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உறுமினான். செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த அம்மாக்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். யாரோ ஒருவரின் கைக்குழந்தை வீறிட்டது. வகுப்பு மட்டும் அசையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு போடுங்கடா, தயவுசெஞ்சு" என்று கிசுகிசுத்தான். ரிட்சு ஒரு பயறை எடுத்து அவன் உள்ளங்கையில் பதவிசாக வைத்தான்.

வேறு வழியில்லை. அடிக்காவிட்டால் என்ன, அடிபட்டது போல் ஓடிவிடலாம்.

"ஐயோ, வலிக்குதே" என்று அலறியபடி வாசலுக்கு ஓடினான். பிள்ளைகள் ஒரே மூச்சில் எழுந்து துரத்தி வந்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

அவனை முந்திக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். நாலு பேர் அதில் சாய்ந்து நின்றார்கள். மிஹிரோ என்ற சிறுமி அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பூதம் உள்ளே! பூதம் உள்ளே!"

அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹிரோசே தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனது போனதுதான் என்று நவோயா தரையிலேயே உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினான். அழுகை வரும்போல் இருந்தது.

"ஏம்மா மிஹிரோ, சாரை விரட்டினா என்ன?" என்று கேட்டான்.

மிஹிரோ காலை விடவில்லை.

"போன வருஷம் பூதமா வந்த சயோரி டீச்சரை விரட்டினோம். வயித்துல பாப்பா இருந்துச்சு, மெதுவாத்தான் ஓடினாங்க. அப்புறம் வரவே இல்ல."